ஜார்ஜ் டவுனில் எதை விட்டுவைப்பது?

சென்னை பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் ஒரு பழைய கல்தூண் நிற்கிறது. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. எஸ்பிளனேடின் எல்லை இதுவரை என்று ஆங்கிலத்தில் பொறித்து, 1773 ஜனவரி 1 என்று தேதியும் போட்டு கிழக்கிந்தியக் கம்பெனி நட்டுவைத்த கல் அது. அப்படி வரிசையாக நட்ட கற்களில் இன்றும் மிஞ்சி நிற்பது அது ஒன்றுதான்.

அந்தக் கல்லுக்கு ஒரு பின்கதை உண்டு. 1746இல் பிரெஞ்சுப் படை மதராஸைப் பிடித்தது. 1749இல் ஊர் மறுபடி கம்பெனியின் கைக்கு வந்தது. கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த வீடுகளும் கடைகளும் எதிரி ஒளிந்து சுடத் தோதான மறைவிடங்கள் என்று கம்பெனி முடிவுகட்டியது. நெசவாளர்களும் துபாஷிகளும் வணிகர்களும் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் கட்டம் கட்டமாக இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. சென்னகேசவப் பெருமாள் கோயில்கூட அதில் தப்பவில்லை. பூக்கடைக்குப் பக்கத்தில் இன்றிருக்கும் இரட்டைக் கோயில் அதற்கு மாற்றாக எழுந்ததுதான். பீரங்கிக்குப் பார்வை மறைக்காத வெட்டவெளியை உண்டாக்கி, அதன் விளிம்பில் கல்லை நட்டார்கள். இடம்பெயர்ந்த மக்கள் கல்லுக்கு வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் குடியேறினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயரைச் சூடிக்கொண்டது அந்தப் பகுதிதான்.

ஆக, ஜார்ஜ் டவுனின் முதல் நகரத் திட்டமே ஓர் இடிப்புத் திட்டம். அதற்குப் பிறகு வந்த திட்டங்களும் இந்தப் பகுதியைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கின்றன: இங்கிருந்து எதை அப்புறப்படுத்தலாம்?

இப்போது அதைக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டது. அதற்கடுத்த 20 ஆண்டுகளுக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தயாரித்துவருகிறது. பிராட்வே பேருந்து நிலையத்தையும் குறளகத்தையும் இடித்துவிட்டு 800 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் பல்வகைப் போக்குவரத்து வளாகம் கட்டும் திட்டமும் இருக்கிறது. உயர் நீதிமன்றம், மண்ணடி மெட்ரோ நிலையங்கள் 2019 பிப்ரவரியிலேயே திறக்கப்பட்டுவிட்டன. நகரின் மிகப் பழைய வணிகப் பேட்டை மறுபடியும் வரைபட மேசைக்கு வந்திருக்கிறது.

தெருவே பெயர்ப்பலகை

வரைபடத்தில் ஜார்ஜ் டவுன் ஒரே நிறத்தில் தீட்டப்பட்ட ஒரு கட்டம். காலால் நடந்தால் அது நூறு ஊர். கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு. ரசாயனத்துக்கு நைனியப்ப நாயக்கன் தெரு. ஜவுளி மொத்த வியாபாரத்துக்கு கோடவுன் தெரு. கண்ணாடிக்கு தேவராஜ முதலி தெரு. மளிகைக்கு அண்ணா பிள்ளை தெரு. பூவுக்கு பத்ரியன் தெரு. வெள்ளிக்கும் நகைக்கும் தங்கசாலைத் தெரு. மின்னணுப் பொருள்களுக்கு ராஜாஜி சாலையோரத்து பர்மா பஜார். சென்னைக்காரருக்குக் கடைப் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெருப் பெயர் போதும்.

ஒரே சரக்கை விற்கிறவர்கள் ஏன் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்? விழுப்புரத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ காலை ரயிலில் வந்திறங்கும் சிறு கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். பத்துக் கடையில் விலை விசாரிக்கலாம். ஒருவரிடம் இல்லாத சரக்கை அவரே பக்கத்துக் கடையிலிருந்து வரவழைத்துத் தருவார். பழகிய முகம் என்றால் கடனும் கிடைக்கும். வாங்கியதை மூட்டை கட்டிப் பார்சல் ஆபீஸில் போட்டுவிட்டு மாலை ரயிலுக்குக் கைவீசிக்கொண்டு போகலாம். ஆண்டர்சன் தெருவில் பத்திரிகை அட்டை வாங்குகிறவர் அச்சடிக்க நகரத்தின் மறுகோடிக்குப் போவதில்லை. தாள் கடை, அச்சகம், வெட்டுமிஷின், பைண்டிங் எல்லாம் கூப்பிடு தூரம். இதில் ஒரு கண்ணியைப் பிடுங்கி இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்தால் சங்கிலி நீளாது; அறுந்துபோகும்.

இந்தச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் வரைபடத்தில் இல்லாதவர்கள்: லோடுமேன்கள், மீன்பாடி வண்டிக்காரர்கள், குட்டியானை ஓட்டுகிறவர்கள், மூட்டைக்குத் தைக்கும் சாக்குக்காரர், இவர்களுக்கெல்லாம் காலை நான்கு மணிக்கே டீ போடுகிறவர். இவர்களில் பலருக்குக் கடை கிடையாது, பட்டா கிடையாது, வாடகை ஒப்பந்தமும் கிடையாது. நிலப் பயன்பாட்டைக் கணக்கெடுத்தால் கட்டடங்கள் கணக்கில் வரும், இவர்கள் வரமாட்டார்கள்.

போனது சந்தை, போகாதது நெரிசல்

1970களிலிருந்து சென்னையின் திட்டங்களில் ஜார்ஜ் டவுன் வந்தாலே ‘நெரிசல் குறைப்பு’ என்ற சொல்லும் கூடவே வரும். காய்கனி மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்கு, இரும்புச் சந்தை மணலியை அடுத்த சாத்தங்காட்டுக்கு, லாரிகள் மாதவரத்துக்கு, வெளியூர்ப் பேருந்துகள் கோயம்பேட்டுக்கு என்று ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்தன.

இவற்றில் பெரியது கொத்தவால் சாவடி. தலைமுறை தலைமுறையாக நகரத்துக்கே காய்கறி கொடுத்துவந்த அந்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. அந்த முடிவைத் தவறு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அழுகிய காய்கறியும் சேறும் லாரியும் குறுகிய சந்துகளில் ஒன்றாகக் கிடந்த நிலையைப் பார்த்தவர்கள் அதை நியாயப்படுத்த மாட்டார்கள். கோயம்பேட்டில் 295 ஏக்கரில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளோடு உருவான வளாகம் அதைவிடப் பல மடங்கு வசதியானது.

ஆனால், நெரிசலைக் குறைக்கத்தானே சந்தையை மாற்றினார்கள்? நெரிசல் குறைந்ததா? காலியான இடத்தை வேறு சரக்குகள் பிடித்தன. வீடாக இருந்தவை கிடங்குகளாயின. கிடங்குகளுக்கு மேலே இன்னொரு மாடி எழுந்தது. காய்கறி லாரி நின்ற இடத்தில் பிளாஸ்டிக் மூட்டை ஏற்றிய குட்டியானை நிற்கிறது. மண்ணடியிலிருந்து தங்கசாலை வரை பகலில் ஆட்டோவில் போவதைவிட நடந்துபோவது இன்றும் விரைவு.

வெளியூர்ப் பேருந்துகளின் கதையோ ஒரு நெடும்பயணம். பாரிமுனையில் இடமில்லை என்று 2002இல் அவை கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டன. கோயம்பேடு நெரிசலாகிவிட்டது என்று 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே போயின. 21 ஆண்டுகளில் அதே காரணம் இரண்டாவது தடவை. முதல் இடமாற்றத்தின்போது பாரிமுனையில் கடலைமிட்டாயும் தண்ணீர்ப் பாக்கெட்டும் விற்றுப் பிழைத்தவர்கள் எங்கே போனார்கள் என்று எந்தத் திட்ட ஆவணமும் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தையையும் பேருந்து நிலையத்தையும் அப்புறப்படுத்தியதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, பத்து ஆண்டுகள் கழித்து என்ன ஆயிற்று என்று அளந்து பார்க்கும் பழக்கம் நம் நகரத் திட்டங்களுக்கு இல்லை. திருத்தம் என்ற வேலை தொடங்க வேண்டிய இடமே அதுதான். பழைய மருந்து என்ன செய்தது என்று பார்க்காமல் புதுச் சீட்டு எழுதும் மருத்துவரிடம் யாரும் இரண்டாவது தடவை போவதில்லை.

நடைபாதைக்கும் சட்டம் உண்டு

என்.எஸ்.சி. போஸ் சாலையின் நடைபாதை, உயர் நீதிமன்ற வழக்குகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு மனுதாரரைப் போன்றது. நடக்க இடமில்லை என்பது ஒரு தரப்பின் புகார். பிழைக்க இடமில்லை என்பது மறுதரப்பின் புகார். இரண்டும் உண்மை. கர்ப்பிணியும் முதியவரும் சாலையில் இறங்கி, பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நடக்க வேண்டியிருப்பதை எந்த வாழ்வாதார நியாயமும் மூடிமறைக்க முடியாது.

இதற்கு வழி சொல்லும் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று 2014இலேயே வந்துவிட்டது. சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காத்து, வியாபாரத்தை முறைப்படுத்தும் சட்டம் அது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண் என்கிறது அது. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் வழிவழியாகக் கூடும் இடங்களை ‘இயற்கைச் சந்தை’ என்று பெயரிட்டு அங்கீகரிக்கவும் சொல்கிறது. தமிழ்நாட்டில் இயற்கைச் சந்தை என்ற சொல்லுக்கு ஒரே ஓர் உதாரணம் காட்டச் சொன்னால் பூக்கடைப் பக்கம்தான் விரல் நீளும்.

ஆனால், அந்தச் சட்டம் ஒரு கோப்பிலும் முழுமைத் திட்டம் இன்னொரு கோப்பிலும் ஓடுகின்றன. விற்பனை மண்டலம் எது, விற்கக் கூடாத மண்டலம் எது என்பதை மாநகராட்சி ஒரு பக்கம் முடிவுசெய்கிறது. சாலையின் அகலமும் கட்டடத்தின் பயனும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கையில். இரண்டு தாள்களும் ஒரே மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக விரிக்கப்படுவதே இல்லை.

தியாகராய நகர் பாண்டி பஜாரிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. அங்கே நடைபாதை வியாபாரிகளுக்கு 2013இல் அடுக்குமாடி வணிக வளாகம் ஒதுக்கப்பட்டது. 2019 நவம்பரில் சுமார் 40 கோடி ரூபாய்ச் செலவில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடப்பவருக்கு அது பெரிய நிம்மதி. குழந்தைகள் ஓடியாட நகரத்தின் நடுவே ஓர் இடம் கிடைத்தது. ஆனால், போகிற போக்கில் நின்று வாங்குவதுதான் நடைபாதை வியாபாரத்தின் உயிர். அந்தச் சரக்கு மாடிப்படி ஏறினால் வாடிக்கையாளர் கூடவே ஏறிவருவது அரிது. தரைதள நடைபாதையை அகலப்படுத்தும்போதே வியாபாரிக்கும் அதில் அளந்து இடம் விட்டிருந்தால் இரண்டும் நடந்திருக்கும். என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு வரைகிறவர்கள் அந்த வரிசையை மாற்றி யோசிக்கலாம்.

மாடியில் குடியிருப்பவர் யார்?

கடைகளுக்கு மேலே ஒரு ஜார்ஜ் டவுன் இருக்கிறது. முத்தியால்பேட்டையிலும் சவுகார்பேட்டையிலும் முற்றம் வைத்த பழைய வீடுகள் அறை அறையாகப் பிரிந்து, அறைக்கு ஒரு குடும்பமாகக் கிடக்கின்றன. தமிழும் தெலுங்கும் உருதுவும் குஜராத்தியும் மார்வாரியும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகின்றன. இவர்களில் மிகப் பலர் வாடகைதாரர்கள்; இடமோ தனியாருடையது, கோயிலுடையது அல்லது அறக்கட்டளையுடையது.

இவர்களுக்கு ஒரு காலத்தில் சட்டக் குடை இருந்தது. பிறர் நிலத்தில் சொந்தச் செலவில் கட்டடம் எழுப்பிய குத்தகைதாரர்களைக் காக்க மதராஸ் மாநகரத்தை மனதில் வைத்தே 1921ஆம் ஆண்டின் நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் எழுந்தது. அதன் வரம்பிலிருந்து சமய நிறுவனங்களின் நிலம் 1996இல் விலக்கப்பட்டது. வாடகைக் கட்டுப்பாட்டுக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத வாடகை இதில் நிற்காது. அண்ணா நகர் அடுக்ககத்தில் இது சிக்கலில்லை. தாத்தா காலத்திலிருந்து வாய்வார்த்தையில் வாடகை கொடுத்துவரும் மண்ணடிக் குடும்பத்துக்கு இது வேறு சங்கதி.

இப்படிப்பட்ட இடத்தில் திட்டம் எழுதுகிறவர், ‘இனி இங்கே உயரமாகக் கட்டலாம்’ என்று ஒரு வரி எழுதினால் என்ன ஆகும்? 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அடிப்படைத் தளப்பரப்பு விகிதம் 1.5இலிருந்து 2 ஆனது. அதாவது, ஒரு கிரவுண்டில் ஒன்றரை கிரவுண்டு அளவுக்குத் தளம் கட்ட முடிந்தவர் இரண்டு கிரவுண்டு அளவுக்குக் கட்டலாம். அந்த அரை மடங்கு அன்று காலையே நிலத்தின் விலையில் ஏறிவிடும். உரிமையாளருக்கு அது லாபம்; வாடகைதாரருக்கு அது காலிசெய்யச் சொல்லும் கடிதம். கட்டட விதி என்று நாம் நினைப்பது உண்மையில் குடியிருப்பு விதியும்கூட.

படிக்கட்டுகூட இல்லாதவர்களும் உண்டு. வால்டாக்ஸ் சாலையிலும் என்.எஸ்.சி. போஸ் சாலையிலும் நடைபாதையிலேயே பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே பேரப்பிள்ளை எடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களுக்கு அரசு காட்டும் வீடு கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ இருக்கிறது. சுவரும் கூரையும் நிஜமானவைதான். ஆனால், விடியற்காலை நான்கு மணிக்குப் பூக்கடையில் மூட்டை இறக்கினால்தான் அன்றைய சோறு என்கிற பெண் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருந்து எந்தப் பேருந்தில் வந்து சேருவார்? போனவர்களில் சிலர் மறுபடி அதே நடைபாதைக்குத் திரும்புவதை அதிகாரிகள் நன்றியின்மை என்று பார்க்கிறார்கள்; அது வெறும் கணக்கு.

நெருப்பும் ஆம்புலன்ஸும்

இதற்கெல்லாம் எதிர்க்கட்சி ஆடுகிறவர்கள் ஒரு வலுவான கேள்வியைக் கையில் வைத்திருக்கிறார்கள். நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எந்த வழியாக நுழையும்? மாரடைப்பு வந்தவரை எடுத்துப்போக ஆம்புலன்ஸ் எப்படி வரும்? இருப்பதை அப்படியே விட்டுவைக்கச் சொல்வது ஆபத்தையும் சேர்த்து விட்டுவைக்கச் சொல்வதாகாதா?

கேள்வி நியாயமானது. 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோனதைச் சென்னை மறக்கவில்லை. மும்பையின் பேண்டி பஜார் வட்டாரத்தில் 2017 ஆகஸ்ட் 31 அன்று காலை பழைய கட்டடம் ஒன்று சரிந்து 33 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியை ஒட்டுமொத்தமாகப் புதுப்பிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டு அப்போதே எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சுமார் 16.5 ஏக்கர் முழுவதையும் கட்டம் கட்டமாக இடித்து, பழைய வாடகைதாரர்களுக்குச் சொந்தமாக வீடு கொடுத்து, மீதியில் கோபுரங்கள் கட்டும் திட்டம் அது. வாடகைதாரரை உரிமையாளராக்கியது அதன் பெருமை. மொத்தப் பேட்டையையும் புரட்டிப்போடும் திட்டம் மெதுவாகத்தான் நகரும் என்பது அதன் பலவீனம். விரிசல் விட்ட சுவர் அதுவரை காத்திருப்பதில்லை.

எனவே சில பொருள்கள் போகத்தான் வேண்டும். எரியக்கூடிய ரசாயனமும் டன் கணக்கான பிளாஸ்டிக்கும் குடியிருப்புக்குக் கீழே இருக்கக் கூடாது. ஆனால் கடையும் கிடங்கும் வேறு வேறு. மாதிரியையும் பேரத்தையும் கணக்குப் புத்தகத்தையும் தெருவிலேயே வைத்துக்கொண்டு, சரக்கை மட்டும் மாதவரத்திலோ மணலியிலோ வைக்கலாம். இன்றைய கைப்பேசிக் காலத்தில் பல வியாபாரிகள் தாமாகவே அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். மூட்டை ஏற்றி இறக்கும் நேரத்தை இரவுக்கு மாற்றினாலே பகலில் பாதித் தெரு திறந்துவிடும். தில்லி சாந்தினி சௌக்கில் செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு, காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனம் கூடாது என்று 2021இல் ஏற்பாடு செய்தார்கள். விதியை மீறும் வண்டிகள் அங்கே இன்றும் ஒரு தலைவலிதான். ஆனாலும் சந்தையைத் தூக்கிக்கொண்டு போகாமலேயே சாலையை மீட்க வழியிருக்கிறது என்பது தெரிந்தது.

ஆபத்தான கட்டடங்களில் பல, விதியை மீறி எழுந்தவை. பத்தடி, பதினைந்தடி முகப்புள்ள மனையில் பக்கவாட்டில் இடம் விடு, முன்னால் இடம் விடு என்று விதி எழுதினால் மீறல்தான் விளையும். மீறியதை 1999 பிப்ரவரி என்றொரு தேதி, 2007 ஜூலை என்றொரு தேதி வைத்து வரன்முறைப்படுத்தச் சட்டத் திருத்தங்கள் வந்தன. அடுத்தடுத்து ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு ‘தொடர் கட்டடப் பகுதி’ என்ற தனி வகை நம் விதிகளிலேயே இருக்கிறது. அதைத் தெருவுக்குத் தெரு விரித்து, தீயணைப்பு வழியையும் மாடிப்படியையும் மின்கம்பியையும் அந்தந்தத் தெருவின் அளவுக்கேற்ப எழுதுவதுதான் வேலை. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, முழுமைத் திட்டத்துக்குக் கீழே ‘விரிவான வளர்ச்சித் திட்டம்’ என்ற ஒன்றை அனுமதிப்பது இதற்காகத்தான்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

தெருவின் அளவுக்கேற்பத் திட்டம் எழுதும் இந்தச் சிந்தனை ஒன்றும் புதிதல்ல. நூறு ஆண்டுக்கு முன்பே மதராஸுக்கு வந்த சரக்குதான். ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸை, அப்போதைய ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு நகரக் கண்காட்சி நடத்த அழைத்திருந்தார். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு ஊரை ஓடவைத்த அதே எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல், அடுத்த மாதம் கெடிஸின் வரைபடங்களை ஏற்றிவந்த கிளான் கிராண்ட் கப்பலை மூழ்கடித்தது. மனிதர் அசரவில்லை. நண்பர்களிடமிருந்து மறுபடி படங்களைத் திரட்டி, 1915 ஜனவரியில் மதராஸ் செனட் ஹவுஸில் கண்காட்சியைத் திறந்தார்.

பிறகு தஞ்சாவூர், மதுரை என்று சுற்றி அறிக்கைகள் எழுதினார். நெரிசலான தெருவை நேர்கோட்டில் வெட்டி அகலப்படுத்துவதுதான் அன்றைய நகராட்சிப் பொறியாளர்களின் ஒரே வழி. தஞ்சைத் தெரு ஒன்றுக்கு அப்படிப் போடப்பட்ட திட்டத்தைப் பார்த்த கெடிஸ், வீடு வீடாக நடந்தார். இங்கே ஒரு பாழ்வீட்டை எடுத்தால் காற்று வரும்; அங்கே ஒரு மூலையைத் திறந்தால் மரம் வைக்கலாம்; இந்தத் திண்ணை இருக்கட்டும் என்று குறித்தார். பொறியாளர் சொன்ன செலவில் ஒரு சிறு பங்கே போதும் என்று கணக்கும் காட்டினார். உடலைக் காப்பாற்ற எவ்வளவு வெட்ட வேண்டுமோ அவ்வளவு மட்டும் வெட்டும் அறுவைச் சிகிச்சை என்பது அவர் முறையின் பொருள். மதராஸ் நகரத் திட்டச் சட்டம் 1920இல் வந்தது. அவருடைய வீடு வீடான நடை அதில் வேரூன்றவில்லை.

நடந்து பார்த்தால் போதுமா? போதாது. முடிவெடுக்கும் நாற்காலியும் வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டட்லி தெரு வட்டாரம் 1980களில் குப்பைமேடாகக் கிடந்தது. வீட்டுக்காரர்களே காப்பீட்டுப் பணத்துக்காகத் தீவைத்ததிலும் இடித்ததிலும் சுமார் 1,300 மனைகள் வெறுமையாய்க் கிடந்தன. ஓர் அறக்கட்டளையின் உதவியோடு மறுசீரமைப்பு அமைப்பு ஒன்று உருவானபோது, அதன் நிர்வாகக் குழுவில் குடியிருப்பாளர்களுக்கு ஒதுக்கப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே. 1985இல் நடந்த முதல் பொதுக்கூட்டத்திலேயே மக்கள் எழுந்து, இங்கே வாழ்வது நாங்களா நீங்களா என்று கேட்டார்கள். அமைப்பின் விதி மாற்றி எழுதப்பட்டது. குடியிருப்பாளர்களே பெரும்பான்மை, கறுப்பினத்தவர், லத்தீன், கேப்வெர்டிய, வெள்ளையினச் சமூகங்களுக்குச் சம இடங்கள் என்றானது. 1987இல் அவர்களே திட்டம் தயாரித்தார்கள். 1988இல், வெறுமனையைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகரம் அவர்களிடம் ஒப்படைத்தது. அந்த நிலம் சமூக அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. அதன் மேல் உள்ள வீடுகளை இஷ்டப்பட்ட விலைக்கு விற்க முடியாது. பக்கத்து நிலத்தின் விலை ஏறியபோதும் அங்கிருந்தவர்கள் அங்கேயே இருக்க முடிந்தது அதனால்தான்.

வரைபடத்தைத் தெருவில் விரிக்க

சென்னையில் மக்களுக்கு இப்படியொரு நாற்காலி தர வேண்டிய சட்டக் கொக்கிகள் ஏற்கெனவே சுவரில் அடிக்கப்பட்டிருக்கின்றன. மூன்று லட்சம் மக்களுக்கு மேற்பட்ட நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது அரசமைப்பின் 74ஆவது திருத்தம். அது 1993இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் கூடத் தொடங்கின. இராயபுரம் மண்டலத்தில் அடங்கும் ஜார்ஜ் டவுன் வார்டுகளிலும் இந்தச் சபைகளைக் கூட்டலாம். தெருவிளக்கு, குப்பைத்தொட்டி என்ற பட்டியலோடு, தங்கள் தெருவின் திட்ட வரைபடமும் அந்தச் சபையில் விவாதத்துக்கு வந்தாக வேண்டும்.

இப்போது நடப்பது என்ன? பெருநகரம் முழுமைக்கும் ஒரு வரைவு வெளியாகிறது. ஆட்சேபம் இருந்தால் குறித்த காலத்துக்குள் எழுதித் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பு வருகிறது. நில வண்ணங்களும் தளப்பரப்பு விகித அட்டவணையும் தெரிந்த கட்டுமானக்காரர் எழுதுகிறார், வழக்கறிஞர் எழுதுகிறார். மீன்பாடி வண்டிக்காரர் எழுதப்போவதில்லை. ஆட்சேபம் வரவில்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஜார்ஜ் டவுனுக்கென்று தனி விரிவான வளர்ச்சித் திட்டம் எழுதப்படுமானால், அதில் நான்கு சங்கதிகளாவது இருந்தாக வேண்டும். கடைக்காரர், வாடகைதாரர், நடைபாதை வியாபாரி, சுமைதூக்குகிறவர், நடைபாதைக் குடும்பம் என எல்லாரும் அடங்கிய தெருவாரிக் கணக்கெடுப்பு முதலாவது. சாலையோர விற்பனைச் சட்டத்தின் கணக்கும் திட்ட வரைபடமும் ஒரே தாளில் சேர்வது இரண்டாவது. கூடுதல் தளப்பரப்பு கேட்கிறவர் பழைய வாடகைதாரருக்கு அதே கட்டடத்தில் இடம் தரவேண்டும் என்ற நிபந்தனையும், நடைபாதைக் குடும்பங்களுக்கு நடந்துவரும் தூரத்துக்குள் அரசு நிலத்தில் வாடகை வீடும் மூன்றாவது. ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை, திட்டம் வந்தபின் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று அதே கணக்கெடுப்பை மறுபடி நடத்தி முடிவைப் பகுதி சபையில் வாசிப்பது நான்காவது. கடைசி வேலைக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. துணிச்சல் மட்டும் கொஞ்சம் வேண்டும்.

கட்டப்போகும் பிராட்வே வளாகமே முதல் சோதனையாக அமையலாம். 800 கோடியில் எழும் கட்டடத்தின் தரைதளத்தில் பூக்கூடை இறக்க எத்தனை அடி, மீன்பாடி வண்டி நிறுத்த எத்தனை அடி, இரவில் வந்திறங்கும் பெண் தொழிலாளிக்குக் கழிப்பறை எத்தனை என்று இப்போதே கேட்டு எழுதிவிட முடியும். கட்டி முடித்தபின் கேட்டால், வளாகத்தின் வாசலில் இன்னொரு நடைபாதைச் சந்தை தானாக முளைக்கும். அதை அகற்ற இன்னொரு வழக்கு நடக்கும்.

கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வழக்கமாக அலுவலகக் குழுக்கள் காலை பதினொரு மணிக்கு வந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் படிவங்களைக் கட்டிவிடும். அந்த நேரத்தில் பூக்கடையின் பாதிப்பேர் விற்று முடித்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். லோடுமேன்களில் பலர் கடைத் திண்ணையில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பத்ரியன் தெருவை விடியற்காலை நான்கு மணிக்கும், கோடவுன் தெருவைக் கடைகள் ஷட்டர் இறக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் போய் எண்ண வேண்டும். படிவம் தமிழில் இருந்தால் மட்டும் போதாது. தெலுங்கும் உருதுவும் இந்தியும் தெரிந்த ஒருவர் கூட நடக்க வேண்டும்.